பூட்டுப் போட்ட மீன்தொட்டி

மூன்றாம் முறையும் எண்ணிப் பார்த்துவிட்டார் ஈஸ்வரமூர்த்தி. ஒன்பதுதான்.

அறுபத்தெட்டாம் வருஷம் மெட்ராஸிலிருந்து ரயிலில் மடியில் வைத்தே கொண்டுவந்த நியான் டெட்ரா மீன்கள். விரல்நுனி அளவு உடம்பு, நீலக்கோடு, சிவப்பு வால். ஒன்றையொன்று முறைக்கக்கூடத் தெரியாத சாதுக்கள். திருப்பூர் ராயபுரம் வீட்டுக் கூடத்தில் தொட்டி வைத்தபோது பன்னிரண்டு இருந்தன. செத்திருந்தால் மிதந்திருக்குமே!

"சுப்பு, ஆரோ மீனத் திருடறாங்க."

மனைவி சுப்புலட்சுமி வந்து நின்றாள். "அது கெடக்குதுங்க. இந்தச் சேலை எனக்கு எடுப்பா இருக்குதுங்களா?"

"வாலு கொஞ்சம் வெளுத்தாப்பல இருக்குது" என்றார் அவர், தொட்டிக் கண்ணாடியில் மூக்கு பதிய.

யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. திங்கட்கிழமைதோறும் சுப்புலட்சுமி கோயமுத்தூரிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்வருவாள். மீன் குறைவதும் திங்கட்கிழமைதான்.

"பாத்தியா? நீ ஊட்ல இல்லாத நாளாப் பாத்துக் கை வெக்கறான்!"

"அப்படிங்களா?" என்றாள் அவள்.

தொட்டிக்குப் பலகையில் மூடி செய்து பூட்டினார். மீன்கள் மூச்சுக்குத் திணறி மேலே வந்தன. பலகையில் ஓட்டை போட்டார். சாவியைப் பத்திரமாகச் சுப்புலட்சுமியிடமே கொடுத்தார்.

அடுத்த திங்கள், எட்டு.

பூட்டு உடையவில்லை. அப்படியானால் கள்ளச்சாவி! வீட்டுக்குப் பின்புறம்தான் அவருடைய பனியன் கம்பெனி. மத்தியானம் தண்ணீர் குடிக்கக் கூடத்துக்கு வருகிற ஒரே ஆள் கட்டிங் மாஸ்டர் நல்லான்.

"ஏப்பா நல்லான், நேத்து ஊட்ல மீன் கொழம்பா?"

"முருகனுக்கு வேண்டிக்கிட்டுக் கவுச்சிய உட்டு ஆறு வருசமாச்சுங்க மொதலாளி."

"திங்காட்டி என்ன, விக்கலாமல்லோ?"

நல்லான் கத்திரியை மேசைமேல் வைத்தார். "பதினஞ்சு வருசமா உங்க துணில ஒரு முழம் தொட்டதில்லீங்க. விரலத்தண்டி மீனுக்கு என்னையத் திருடன்னுட்டீங்க. நான் வர்றனுங்க."

போனவர் வரவில்லை. வெட்ட ஆளில்லாமல் துணி மலையாகக் குவிந்தது. பம்பாய்ச் சரக்கு நின்றது. ஈஸ்வரமூர்த்தி தாமே கத்திரி பிடித்தார்; ஒரு கட்டுப் பனியனுக்குக் கழுத்து இடுப்பளவு வந்தது.

நல்லான் இல்லாமலே அடுத்த திங்கள், ஏழு.

அன்று சாயங்காலம் நூல் வியாபாரி பொங்கியண்ணன் வந்தார். தொட்டியைப் பார்த்தார்.

"அந்தப் பெரிய மீன் என்ன மீனு?"

"ஏஞ்சல் மீனுங்க. கோயமுத்தூர்க் கடையில வாங்குனது. அழகுக்கு உட்டிருக்கறன்."

"பெருசு சின்னதத் திங்காம, கூட உக்காந்து பஜனையா பாடும்?"

ஈஸ்வரமூர்த்தி நெற்றியில் அடித்துக்கொண்டார். திருடனுக்குத் தாமே மூன்று வேளை தீனி போட்டிருக்கிறார்!

மறுநாள் விடிந்ததும் வேலம்பாளையத்தில் நல்லான் வீட்டுக்கு ஓடினார். "மன்னிச்சுரு நல்லான். மீனே மீனத் தின்னிருக்குது."

நல்லான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த மீனையாச்சும் நல்லா விசாரிச்சீங்களா மொதலாளி? பாவம், அதுக்கும் வேண்டுதல் இருக்கப் போகுது."

இருந்தாலும் வேலைக்கு வருவதாகச் சொன்னார். பாதிப் பாரம் இறங்கியது. மீதிப் பாரத்தைத் தகர டப்பாவில் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு ஈஸ்வரமூர்த்தி கோயமுத்தூருக்கு பஸ் ஏறினார்.

"இந்தக் கொலகாரன நீங்களே வெச்சுக்குங்க. அஞ்சு மீன முழுங்கிப்போட்டான்."

மீன்கடைக்காரர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இது இன்னும் குஞ்சுங்க. இதோட வாயில உங்க மீனோட தலகூட நொழையாதுங்க."

"அப்ப ஆரு..." என்று திரும்பியவரின் பார்வை மூலையிலிருந்த சிறு தொட்டியில் நிலைத்தது. நீலக்கோடு, சிவப்பு வால். எண்ணினார். ஐந்து.

"அட, நியான் டெட்ரா! அஞ்சையும் எனக்குக் குடுத்துருங்க!"

"அது விக்கறதுக்கு இல்லீங்க. திருப்பூர்ல இருந்து ஒரு அம்மா வாராவாரம் ஆர்லிக்ஸ் பாட்டல்ல ஒண்ணொண்ணாக் கொண்டாந்து உடறாங்க. அவங்க ஊட்டுக்காரரு தல நிமுந்து அவங்க மூஞ்சியப் பாத்துப் பேசற அன்னைக்கு மொத்தமாத் திருப்பிக் கொண்டுபோறாங்களாமுங்க."