பரிசீலனை சார் வாங்காத ஆமை

எங்கள் ஆபீஸ் பரிசீலனை சாரைப் போல ஒரே விஷயத்தை ஒன்பது வருஷம் உட்கார்ந்து யோசித்த மனுஷன் காவேரிக்கு இரண்டு கரையிலும் கிடையாது. கொள்ளிடக் கரையையும் சேர்த்தே சொல்கிறேன். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. மற்றபடி பியூனிலிருந்து கலெக்டர் ஆபீஸ் ஆட்கள் வரை அவர் பரிசீலனைதான். எந்தக் காகிதம் போனாலும் ஓரத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதிவிட்டு அதைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருப்பார்.

திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு சர்க்கார் ஆபீஸ். நான் உறையூரிலிருந்து சைக்கிளில் போவேன். அவர் ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். வருவார் என்று சொல்லிவிட்டேனே தவிர, பஸ் ஏறுவதே அவருக்குப் பெரிய பாடு. முதல் பஸ் வந்தால், "கூட்டமா இருக்கே." இரண்டாவது வந்தால், "இது ஏன் இவ்வளவு காலியா இருக்கு?" மூன்றாவதைப் பார்த்து யோசிப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். நாலாவது பஸ்ஸில்தான் தினமும் ஏறுவார். கண்டக்டர்களுக்கே இது பழகிப்போய், முதல் மூன்று பேரும் அவரைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

டிபார்ட்மெண்ட் பரீட்சை எழுதலாமா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவரைவிடப் பதினைந்து வயது சின்னவனான நான் எழுதித் தொலைத்து, அவருக்கே சூப்பிரண்டு ஆகிவிட்டேன். அதுவரை என்னை "தம்பி" என்று கூப்பிட்டவர், அன்றைக்குக் காலையில் எழுந்து நின்று, "வணக்கம் சார்" என்றார்.

"அண்ணே, என்ன இது, தம்பின்னே கூப்பிடுங்க" என்று கெஞ்சினேன்.

"நாற்காலி மாறிடுச்சே சார்" என்றார். அதற்கப்புறம் என்ன சொல்லியும் மாறவில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. வெட்கத்தோடு சொல்கிறேன், கொஞ்சம் பிடித்தும் போயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறிலோ ஐம்பத்தேழிலோ அவர் மனைவி இறந்துபோனார். பிள்ளை குட்டி கிடையாது. அந்த வருஷம்தான் அவர் ஒரு கோப்பு திறந்தார். பழுப்பு அட்டை, சிவப்பு நாடா, எல்லாம் ஆபீஸ் முறைப்படி. மேலே மணிமணியான கையெழுத்தில், 'பொருள்: வீட்டுப் பிராணி, அயல்நாட்டு வகை, வளர்ப்பது குறித்து.'

டைப்பிஸ்ட் மேரியம்மா அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏன் சார், நம்மூரு நாய் பூனையெல்லாம் என்ன பாவம் பண்ணிச்சு? அயல்நாடுதான் வேணுமா?"

பரிசீலனை சார் நிதானமாகச் சொன்னார். "நாய் செத்துப்போச்சுன்னா என்ன சொல்வாங்க மேரியம்மா? இன்னொண்ணு வாங்கிக்கோன்னு சொல்வாங்க. என் சம்சாரம் போன பத்தாம் நாளே எனக்கு அதைத்தான் சொன்னாங்க. அதனால இந்த ஊர்ல கிடைக்காத பிராணியா இருக்கணும். இன்னொண்ணு வாங்கிக்கோன்னு எவனும் சொல்ல முடியாது பாருங்க."

மேரியம்மா அப்புறம் அன்று முழுக்க டைப் அடித்துக்கொண்டே இருந்தார்.

அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சாயந்தரம் ஐந்து மணிக்கு நாங்கள் எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருப்போம். அவர் மட்டும் வாட்ச்மேன் வந்து சாவியை ஆட்டும்வரை உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கேட்டேவிட்டேன். "வீட்டுக்குப் போகிறதுக்கு ஒரு காரணம் வேணும் சார்" என்றார். அவ்வளவுதான்.

கோப்பு வளர்ந்தது. எங்கள் ஒவ்வொருவர் மேஜைக்கும் கருத்துரைக்காக வந்தது. மேரியம்மா விளையாட்டாக, 'கங்காரு வாங்கவும். பையில் ஃபைலை வைத்துக்கொள்ளலாம்' என்று எழுதினார். பரிசீலனை சார் அதை ஒரு வாரம் யோசித்து, முற்றத்தை அளந்து, 'பரிசீலிக்கப்பட்டது. குதிக்க இடம் போதாது' என்று எழுதி நிராகரித்தார். சீமைப் பெருச்சாளி, அதுதான் கினிப் பன்றி, அதைப் பற்றி யாரோ சொன்னார்கள். ஐந்தாறு வருஷம்தான் உயிரோடு இருக்கும் என்று தெரிந்ததும் அதையும் நிராகரித்துவிட்டார். "அஞ்சு வருஷத்துல இன்னொரு சாவா? என்னால ஆகாது சார்."

அப்போது புத்தூர்ப் பக்கம் ஒரு சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தது. அதில் ஒரு பஞ்சவர்ணக் கிளி. இவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், புலியையும் பார்க்கவில்லை, பாரில் தொங்குகிறவர்களையும் பார்க்கவில்லை. நேரே கிளிக்காரனிடம் போயிருக்கிறார்.

"இது எத்தனை வருஷம் இருக்கும்?"

"அறுபது வருஷம் கியாரண்டி சார்."

"எனக்கே நாற்பத்தஞ்சு ஆகுதே. நான் போனதுக்கு அப்புறம் இதை யார் பார்த்துப்பாங்க?"

"அதைப் பத்தி உங்களுக்கென்ன சார் கவலை? நீங்கதான் இருக்க மாட்டீங்களே!"

மறுநாள் ஆபீஸுக்கு வந்து இதை வரி மாறாமல் கோப்பில் எழுதினார். எழுதிவிட்டு என்னிடம், "நமக்கு முன்னாடி போற பிராணியும் வேண்டாம், நமக்குப் பின்னாடி அநாதையா நிக்கிற பிராணியும் வேண்டாம். நடுவுல எதாவது இருக்கா சார்?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? பிரம்மாவைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்.

வான்கோழி விவகாரத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பாலக்கரையில் மேரியம்மா வீட்டில் ஒரு வான்கோழி வளர்ந்தது. பரிசீலனை சார் டிசம்பர் மூன்றாம் வாரம் போய்ப் பார்த்தார். கழுத்தை ஆட்டி ஆட்டி அது நடந்த நடையில், எங்கள் பழைய ஆபீசரின் சாயல் இருந்ததாம். மனசுக்குப் பிடித்துவிட்டது. நாலு நாள் யோசித்துவிட்டு, ஐந்தாம் நாள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முடிவோடு மறுபடியும் பாலக்கரைக்குப் போனார்.

"எங்கே மேரியம்மா, அது?"

"சார்... நேத்து கிறிஸ்மஸ் சார்."

வான்கோழிக்குத் தீனியாகக் கொண்டுபோயிருந்த கம்புப் பையை அப்படியே மேரியம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. கோப்பில் ஒரே ஒரு வரி: 'பொருள் தற்போது இல்லை.'

வருஷங்கள் போயின. ஐம்பத்தைந்து வயதில் ரிடையர்மெண்ட். அதற்கு ஒரு வருஷமும் சில மாதங்களும் பாக்கி இருக்கும்போது அவர் முகமே மாறிவிட்டது. "இப்பவாவது சாயந்தரம்தான் சார் வீடு. ரிடையர் ஆயிட்டா காலைல இருந்தே வீடுதானே" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்கள். திருச்சியில் முகாமில் இருந்துகொண்டு, கடைத்தெருவில் ரப்பர் செருப்பும் சீப்பும் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார் ஒருவர். அவர் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் ஒரு ஆமை. குளத்து ஆமை இல்லை, பர்மாக் காட்டில் தரையில் நடமாடுகிற ஜாதி. ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம், பழுப்பு ஓடு, உலகத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்ட முகம்.

"ரங்கூன்ல கப்பல் ஏறும்போது பர்மா அதிகாரிங்க நகைநட்டையெல்லாம் வாங்கி வச்சுக்கிட்டாங்கய்யா. இதைப் பார்த்துட்டு, போ, எடுத்துட்டுப் போன்னுட்டாங்க" என்றாராம் பர்மாக்காரர். "முகாம்ல வச்சுக்க இடமில்ல. நல்லா வச்சுப்பீங்கன்னா சும்மாவே தரேன். நூறு வருஷம் இருக்கும்."

ஆமை பரிசீலனை சாரைப் பார்த்தது. கால் மணி நேரம் யோசித்துவிட்டு ஒரு அடி எடுத்து வைத்தது. தன் இனத்தைக் கண்டுவிட்ட சந்தோஷம் சாருக்கு.

ஆமை வீட்டுக்கு ஆகாது என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டே. ஸ்ரீரங்கத்தில் அடுத்த வீட்டு ஐயங்கார் மாமி பதறிவிட்டார். "என்ன இது, ஆமையைப் போய் ஆத்துக்குள்ள கொண்டு வருவாளா யாராவது?"

"ஆகாம போறதுக்கு என் வீட்டுல இன்னும் என்ன மாமி பாக்கி இருக்கு?"

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "பெருமாளே கூர்மமா வந்தவர்தானே. கொண்டு வாங்கோ, நன்னா இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார். கோப்பில் ஏறியது: 'அண்டை வீட்டார் ஆட்சேபம் நீங்கியது.'

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக எல்லாத் தடைகளும் நீங்கி ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. சார் போன பிறகு ஆமைக்கு யார்? அதற்கும் அவர் வழி கண்டுபிடித்திருந்தார். கோப்பு என் மேஜைக்கு வந்தது. 'எனக்குப் பின் மேற்படி ஆமையைச் சூப்பிரண்டு அவர்கள் ஏற்றுக்கொள்ளலாமா? சம்மதமெனில் கையொப்பமிட வேண்டப்படுகிறது. கையொப்பம் கிடைத்ததும் ஆமை வீட்டுக்குக் கொண்டுவரப்படும்.'

சிரித்துவிட்டேன். வீட்டில் சொன்னால் என் மனைவி, "நம்ம வீட்டுக்குள்ள ஆமையா? நல்லா இருக்கே!" என்று ஒரே போடாகப் போட்டாள். முடியாது என்று எழுத மனசு வரவில்லை. சரி என்று எழுதத் தைரியம் வரவில்லை. இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே ஆபீஸில் ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். கோப்பின் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

ஆபீஸ் உத்தியோகம் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அதிகாரி 'பேசவும்' என்று எழுதினால், அவர் கூப்பிட்டுப் பேசுகிற வரைக்கும் குமாஸ்தா அந்தக் கோப்பை மேலே நகர்த்தக் கூடாது. கூப்பிட மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். பிடிக்காத கோப்பை நோகாமல் கொல்வதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் பரிசீலனை சார் விதியை விதியாகவே எடுத்துக்கொள்கிறவர். நான் கூப்பிடுவேன் என்று காத்திருந்தார்.

சாயந்தரம் புறப்படும்போது என் மேஜை பக்கம் வந்து ஒரு நிமிஷம் நிற்பார்.

"என்ன அண்ணே?"

"ஒண்ணுமில்ல சார். நீங்க கூப்பிடுவீங்க."

"ஆமா ஆமா, கூப்பிடறேன்."

வருஷக் கடைசி வேலை வந்தது. அப்புறம் ஆபீசர் மாற்றல். அப்புறம் என் மைத்துனன் கல்யாணம். காரணம் சொல்வதற்கென்ன, மூட்டை மூட்டையாகச் சொல்லலாம். எட்டு மாசம் ஓடிவிட்டது. ஐந்து நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆடி மாசம் ஒரு காலை, ஸ்ரீரங்கத்தில் பஸ் ஸ்டாப் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தபடியே அவர் போய்விட்டார். முதல் பஸ் போயிருக்கிறது. இரண்டாவது போயிருக்கிறது. மூன்றாவதின் கண்டக்டர் வழக்கம்போல் கையாட்டிவிட்டுப் போயிருக்கிறார். யோசிக்கிறார் என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். நாலாவது பஸ்ஸிலும் ஏறாமல் இருக்கவேதான், அந்தக் கண்டக்டர் இறங்கி வந்து தோளைத் தொட்டுப் பார்த்தாராம்.

காரியம் எல்லாம் முடிந்து, மாமி என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனார். தரையோடு தரையாக ஒரு ஆழமில்லாத சிமெண்டுத் தொட்டி. ஆமை ஏறி இறங்கச் சரிவாகச் செங்கல் பாவியிருந்தது. வெயிலுக்கு ஒரு கீற்றுப் பந்தல். நாலு பாத்தி முளைக்கீரை தளதளவென்று நின்றது.

"எட்டு மாசமா இந்தக் கீரையை நாங்கதான் சாப்பிட்டிண்டிருக்கோம்" என்றார் மாமி. "ஆமை எப்ப வரும்னு கேட்டா, கையெழுத்து வரணும் மாமின்னுவார்."

உள்ளே அலமாரியில் கோப்பு இருந்தது. என் 'பேசவும்' இருந்தது. அதற்குக் கீழே மாசத்துக்கு ஒரு குறிப்பு. 'அழைப்பு இல்லை.' 'அழைப்பு இல்லை.' ஐந்தாவதில், 'நினைவூட்டல் அனுப்பலாமா?' என்று தன்னையே கேட்டு, தானே பதிலும் எழுதியிருந்தார். 'வேண்டாம். தம்பிக்கு வேலை அதிகம்.'

அந்த 'தம்பி'யை மறுபடியும் மறுபடியும் படித்தேன். பேனாவை எடுத்து, கடைசிக் குறிப்புக்குக் கீழே 'சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாருக்கு உபயோகம்? நான் ஒரு மடையன்.

நேரே கடைத்தெருவுக்குப் போனேன். பர்மாக்காரர் இருந்தார். பெட்டியும் இருந்தது.

"அய்யா எடுத்துக்கறேன்னு சொல்லியிருந்தாருங்க. அதான் வேற யாருக்கும் கொடுக்கல. ஞாயித்துக்கிழமை தவறாம கீரை எடுத்துட்டு வருவார். ரெண்டு வாரமா காணோம், உடம்பு சரியில்லையா?"

சொன்னேன். அவர் பெட்டியோடு ஆமையை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்புகளை அடுக்க ஆரம்பித்தார். அடுக்கியதையே திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்.

உறையூர் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார். "பெட்டியில என்ன சார்?"

"ஆமை."

"உயிரோடயா?"

"இன்னும் நூறு வருஷத்துக்கு."

வீட்டில் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். என் மனைவி கோப்பின் கடைசிப் பக்கத்தை வாசித்தாள். எழுந்து போய்க் கீரை ஆய்ந்தாள்.

நானும் ரிடையர் ஆகிப் பல வருஷமாகிறது. ஆமை இருக்கிறது, திடமாக. எனக்குப் பின் இதற்கு யார் என்ற கேள்வி இப்போது என் தலைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கோப்பில் இரண்டு பக்கம் காலியாக இருக்கிறது. கையெழுத்துப் போட மனசுள்ளவர்கள் யாராவது இருந்தால் உடனே போடுங்கள், 'பேசவும்' மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சாயந்தரம் ஐந்து மணி ஆனால் கீரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், "பரிசீலனை அண்ணே, வாங்க, பேசலாம்" என்று கூப்பிடுகிறேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, மெதுவாக வரும்.