மஞ்சள் பைப்புக்குக் காவல் இருந்த வால்வு அக்கா

பாங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்பவரைப் பார்த்திருக்கிறேன். நகைக்கடைக் காவலரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் வால்வு அக்காவைப் போல ஒரு பொருளைக் காவல் காத்தவர் இந்தக் கொங்கு மண்டலத்திலேயே கிடையாது. அவர் காத்தது ஒரு மஞ்சள் பைப்பை.

இரண்டாயிரங்களின் நடுவில், திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியின் பெண்கள் விடுதியில் இருந்தேன். செக்கிங் பிரிவில் வேலை. விடுதியில் இருந்த அறுபது பேரில் பாதி என்னைப் போலத் தெற்கிலிருந்து வந்தவர்கள்தான். கட்டடத்துக்கு வெளியே ஒரு கொட்டகையில் கேஸ் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். அங்கிருந்து ஒரு மஞ்சள் பைப் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரோரமாக ஓடிச் சமையலறைக்குப் போகும். சமையல் பொறுப்பு அக்காவுடையது. பைப் போட்ட அன்று ஃபிட்டர் அரைநாள் நின்று விதிகளைச் சொன்னாராம். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அக்கா மட்டும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

புதிதாக யார் வந்தாலும், பெட்டியை இறக்கி வைப்பதற்குள் அக்காவின் வரவேற்புரை தொடங்கிவிடும்.

"கேஸ்காரரு சிலிண்டரை எறக்கி வெச்சுட்டுப் போயிருவாரு, கண்ணு. அதுக்கு இந்தப்பக்கம் இருக்கற பைப்பு பூராவும் நம்முளுது. ஒழுகுனாலும் நம்முளுது, வெடிச்சாலும் நம்முளுது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று சொன்னால்தான் படுக்கை எது என்று காட்டுவார்.

வெள்ளிக்கிழமை தோறும் பைப்புக்குக் குளியல். குளியலறையில் நாங்கள் விட்டு வைத்த சோப்புத் துண்டுகளை எல்லாம் அள்ளி வந்து ஒரு குவளையில் கரைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷ்ஷால் தடவி, குமிழி வருகிறதா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார். சனிக்கிழமை காலையில் எங்களுக்குக் குளிக்கச் சோப்பு இருக்காது. பைப் மட்டும் சந்தன வாசனையோடு இருக்கும்.

ஒரு மழைநாளில் என் நைட்டியை அந்தப் பைப்பில் காயப் போட்டேன். திரும்பி வந்தபோது அக்கா அதை வைத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கேஸ் பைப்புன்னா கொடிக்கம்பியா, அம்மிணி?" என்று மட்டும் கேட்டார். இன்னொரு முறை, ஒரு எலெக்ட்ரீசியன் எர்த் ஒயரைக் கொண்டுபோய் அந்தப் பைப்பில் சுற்றிவிட்டார். அக்கா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அவிழ்க்க வைத்து, வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டு வந்தார். அந்த மனிதர் அப்புறம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

சமையல் முடிந்ததும் கொட்டகைக்குப் போய் வெளி வால்வை மூடுவார். மூடியதை இன்னொரு முறை மூடுவார். ஒருநாள் பழனிக்குப் பஸ் ஏறியவர், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே திரும்பி, வால்வைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் போனார். இப்படித்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது.

அப்போது கம்பெனியில் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் விடுதியையும் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. மேனேஜர் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மஞ்சள் பைப் அவர் கண்ணை உறுத்தியது.

"இதை ப்ளைவுட் போட்டு மறைச்சிரலாங்க்கா."

"மறைக்கக் கூடாதுங்க. பைப்பு கண்ணுக்குத் தெரியோணும்."

"வர்றவங்க பாத்தா அசிங்கமா இருக்குமுங்க."

"அசிங்கத்தைப் பாத்துட்டு உசுரோட ஊருக்குப் போகட்டுங்க."

மேனேஜர் அப்போதைக்குப் பின்வாங்கினார். ஆனால் அக்கா ஒரு காதுகுத்துக்காக அவிநாசிபாளையம் போன இரண்டு நாளில் தச்சரை வரவழைத்து வேலையை முடித்துவிட்டார். கூடம் கல்யாண மண்டபம் போல ஆகிவிட்டது. எங்கும் வார்னிஷ் வாசனை; வேறெந்த வாசனையும் மூக்கில் ஏறவில்லை. நாங்களும் அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னோம்.

பையர் வருகிற அன்று காலை. மாற்றுச் சமையல்காரர் பொங்கலை இறக்கி, அடுப்பை அணைத்துவிட்டுப் போயிருந்தார். வெளி வால்வை மூட அவருக்குத் தோன்றவில்லை. கூடத்தில் பாதிப்பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கூடத்து மூலையில் சுடிதாரைத் தேய்ப்பதற்காக அயர்ன் பாக்ஸைச் சொருகிவிட்டு சுவிட்சில் விரலை வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா துணிப்பையோடு உள்ளே வந்தார். ப்ளைவுட் பலகையைப் பார்த்ததும் நின்றார். பையைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டு, பலகையும் தரையும் சேரும் இடத்தில் மூக்கை வைத்தார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, கையை எடுத்துரு. சுவிட்சைப் போட வேண்டாம்."

அவ்வளவு மெதுவாக அவர் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. அதனால்தான் பயந்துபோனோம். ஒருத்தி மின்விசிறியை நிறுத்தப் போனாள். "ஓடறது ஓடட்டும். எதையும் தொடாதீங்க. எல்லாரும் எந்திரிச்சு வெளிய நடங்க" என்றார். சன்னல்களைத் திறந்துகொண்டே போய், கொட்டகையில் வால்வை மூடினார்.

அறுபது பேரும் தெருவில் நின்றோம், பாதிப்பேர் தட்டும் கையுமாக. அக்கா ஒவ்வொருத்தி பெயராகக் கூப்பிட்டார், பதிவேடு எதுவும் இல்லாமல். ஒரு பெயர்கூட விட்டுப்போகவில்லை. என் பெயர் வந்தபோது சுவிட்சில் வைத்திருந்த கையைத் தூக்கினேன்.

சரியாக அப்போது பையரின் கார் வந்து நின்றது. இறங்கிய வெள்ளைக்கார அம்மா எங்களைப் பார்த்துத் திகைத்தார். மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் சமாளித்தார். "ஃபயர் டிரில், மேடம்."

அந்த அம்மா மகிழ்ந்துபோய் ஏதோ எழுதிக்கொண்டார். விடுதிக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மதியம் ஃபிட்டர் வந்து பலகையைக் கழற்றினார். பலகை தட்டையாக உட்கார வேண்டும் என்பதற்காகத் தச்சர் பைப்பைப் பிடித்திருந்த கிளாம்பைக் கழற்றி, பைப்பைச் சுவரோடு தட்டியிருக்கிறார். ஓர் இணைப்பு தளர்ந்துவிட்டது. சோப்புத் தண்ணீரைத் தடவியதும் நுரை பொங்கி வழிந்தது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "தப்புப் பண்ணிட்டனுங்க்கா" என்றார். அக்கா, பொங்கல் ஆறிப்போய்விட்டதே என்று ரவை வறுக்கப் போய்விட்டார், பக்கத்து வீட்டு அடுப்பில்.

நான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊருக்குப் பேசியபோது நடந்ததை உளறிவிட்டேன். மறுநாளே அம்மா சாத்தான்குளத்திலிருந்து வந்து இறங்கினாள்.

"போதும்ட்டி வேலையும் சம்பளமும். துணிய எடுத்து வை."

நான் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறைக்குள் போனாள். அவளும் அக்காவும் வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளியே வந்த அம்மா என் பெட்டியைத் திறந்து, துணிகளை எடுத்துக் கொடியில் போட்டாள்.

"நீ இங்கனயே இரி. அவிய இருக்காவல்லா."

எனக்கென்று கொண்டு வந்திருந்த கருப்பட்டி மொத்தத்தையும் அக்கா கையில் கொடுத்துவிட்டு அம்மா பஸ் ஏறினாள். எனக்கு ஒரு துண்டுகூடத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.