கோடைக்கானலில் தவறிப் பெண் பார்த்த விவரம்

முருகன் துணை

கோடைக்கானல்,
19-11-1968

இலங்கை அட்டனில் இருக்கும் அன்பு மச்சான் மயில்சாமிக்கு, அக்காள் புருஷன் பொன்னுவேல் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் சுகம். நீயும் உன் அக்காளும் என் மகன் ஞானவேலும் அங்கே சுகமாயிருக்கப் பழனியாண்டவன் அருள் செய்யட்டும். பழனியில் மொட்டை போட்டாயிற்று. அதனால் இந்த ஊர்க் குளிர் தடையில்லாமல் மண்டைக்குள் இறங்குகிறது.

முதல் காரியம். இந்தியாவா இலங்கையா என்று எழுதிக் கொடுக்க வேண்டிய அந்தக் குடியுரிமை ஃபாரத்தில் இலங்கை என்றே எழுதிவிடு. 'போய் ஊரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று வந்தேன் அல்லவா, நேற்று முழுக்க ஊரைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லலாமா என்பதே சந்தேகமாக இருக்கிறது.

கப்பலில் எனக்குத் தலைசுற்றி வாந்தி வந்தபோது பிடித்துக்கொண்ட ஒரு மனிதரைப் பற்றி ராமேஸ்வரத்திலிருந்து எழுதியிருந்தேனே, இங்கே கிளாவரை என்ற மலைக்கிராமத்துத் திருமலைச்சாமி, அவர்தான் என்னைச் சுற்றிக்காட்ட வந்தார். நல்ல மனிதர். ஆனால் பூண்டு விவசாயி. பூண்டு மூட்டையோடு தவிர இந்த டவுனுக்கு அவர் வந்ததே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் பூண்டு நிறுக்கிற கொட்டகையைக் காட்டினார். அப்புறம் அவருடைய கோவேறு கழுதை வழுக்கி விழுந்த இடத்தைக் காட்டினார். அதற்குள் பனி இறங்கிவிட்டது. மலை விளிம்பில் ஒரு நடைபாதைக்குக் கூட்டிப்போய், "அந்தா கீழ தெரியுது பாருங்கண்ணே, பெரியகுளம்" என்றார். எனக்கு ஒரே வெள்ளையாகத் தெரிகிறது என்றேன். "வெள்ளையா இருக்கது பனி. பெரியகுளம் அதுக்கும் கீழ கெடக்கு" என்றார். சரி, பால் விடாத தேத்தண்ணியாவது குடிப்போம் என்று ஒரு டீக்கடைக்குப் போய், நம் ஊர் வழக்கப்படி "ஒரு பிளேன்டி" என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிளேனுக்கு மதுரைக்குல்ல போகணும், இங்க பஸ்தான்" என்றார். பாஷை ஒன்றுதான் மச்சான், ஆனால் நான் வாயைத் திறந்தால் ஊரே திரும்பிப் பார்க்கிறது.

பிறகு ஏரிக்குப் போனோம். நுவரெலியாவைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்த மாதிரி இருந்தது. நாம் எந்தத் தேசத்தில் நிற்கிறோம் என்று எனக்கே ஒரு நிமிஷம் குழம்பிவிட்டது. பனி அப்படியே மூடிக்கொண்டது. பக்கத்தில் திருமலைச்சாமி போர்த்தியிருந்தது போலவே சாம்பல் நிறக் கம்பளி தெரிந்தது, அவர்தான் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் பேசாமல் என்னை மேட்டில் ஏற்றி ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டார். விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறேன், வேறு ஆள்! பழனிமுத்து என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் ஓடி வந்து, "கடல் கடந்து வர்றவுக நீங்கதானுங்களே?" என்றார். ஆமாம் என்றேன், அது நிஜம்தானே? ஜமுக்காளத்தில் உட்காரவைத்துக் கேசரியும் பஜ்ஜியும் வைத்தார்கள். திருமலைச்சாமியின் சொந்தக்காரர்கள் போலிருக்கிறது என்று நானும் சாப்பிட்டேன்.

வீட்டுக்காரர் பெயர் நல்லுசாமி, காய்கறிக் கடை வைத்திருப்பவர். "அப்ப, உங்க முடிவு என்னங்க?" என்றார் மெதுவாக. கப்பலில் திருமலைச்சாமியிடம் ஃபாரத்தைப் பற்றிப் புலம்பியிருந்தேன், அவர் சொல்லித்தான் கேட்கிறார் என்று நினைத்து மனதில் உள்ளதைச் சொன்னேன். "ரெண்டு பக்கமும் யோசிக்க வேண்டியிருக்குங்க. அங்க இருக்கிறது பழகினது, இத்தன காலம் ஒத்துப்போச்சு. இது பார்க்க லட்சணமா இருக்குன்னுதான் சொல்றாங்க. ஆனா நாலு நாள் கூட இருந்து பார்த்தாத்தானே ஒத்துவருமான்னு தெரியும்?"

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. நல்லுசாமி முகம் சிவந்து எழுந்தார். அதற்குள் ஒரு பெண் காப்பியோடு வந்து நின்றாள். அவர் மகள் சண்முகவள்ளி, பள்ளிக்கூடத்தில் டீச்சர். டம்ளரை என் முன்னால் வைத்து, "பெரியவரே, அங்க ஒண்ணு இருக்குன்னா அதோடயே இருந்துக்கிடச் சொல்லுங்க. இங்க யாரும் யாருக்கும் காத்துக் கெடக்கல. காப்பிய ஆறுமுன்ன குடிங்க" என்றாள்.

அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாளோ, எனக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மைதானே மச்சான், இந்தத் தேசத்தில் நமக்காக யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள்? அந்தத் தேசமும் போ போ என்கிறது. கண் கலங்கிவிட்டது. "சரியாச் சொன்ன தாயி. ஃபாரத்துல இலங்கைன்னே எழுதிடுறோம்" என்றேன்.

"ஃபாரமா? என்ன ஃபாரம்? நீங்க மலேயா மாப்பிள்ளையோட பெரியப்பா இல்லையா?" என்றார் நல்லுசாமி. மலேயாவிலிருந்து வரும் அந்தப் பெரியப்பாவை அழைத்துவரத்தான் பழனிமுத்து ஏரிக்கரையில் நின்றிருக்கிறார். பெண் பார்க்க அவர் முதலில் வருவதாக ஏற்பாடாம். அந்த நேரம் பார்த்துத் தெருவில், "ஏலே, யாராச்சும் ஒரு மொட்டத்தலையப் பாத்தீகளா?" என்று திருமலைச்சாமி குரல் கேட்டது. நான் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினேன். இடது கால் செருப்பு பழனிமுத்துவுடையது.

ஆகவே, சாதாரணப் பேச்சே இப்படி விபரீதமாகிற ஊருக்கு நாம் குடும்பத்தோடு வந்து பிழைப்பது நடக்காத காரியம். இலங்கை என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடு. உன் அக்காளிடம் நான் வேளாவேளைக்குச் சாப்பிடுவதாகச் சொல்லவும். எல்லோருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
பொன்னுவேல்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் நல்லுசாமி வந்துவிட்டார். செருப்புக்காக என்று பயந்தேன். இல்லை. மலேயாக்காரர்கள் வரப்போவதில்லை என்று தந்தி வந்ததாம். நேற்று நான் கண் கலங்கியது அவர் சம்சாரத்துக்கு மனதில் நின்றுவிட்டதாம். விசாரித்ததில் அவர் பாட்டனும் நம் பாட்டனும் பக்கத்துப் பக்கத்து ஊர். நமக்குக் கலியாண வயதில் ஒரு பையன் இருக்கிறானா என்று கேட்டார். ஞானவேலுவைச் சொன்னேன். பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்கச் சொன்னாளாம்: "மாப்பிள்ளையாச்சும் ஒரு முடிவு சொல்றவராமா?" சொல்லுவான் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. ஃபாரத்தில் இந்தியா என்று எழுது. பென்சிலால் எழுது.