தெல்தோட்டை ஏறாத வரைபடம்

உலகில் எத்தனையோ வரைபடங்கள் உண்டு. ஆனால் தமிழுக்காக உயிரைவிட்ட வரைபடம் ஒன்றே ஒன்றுதான். அது கண்டியில், எங்கள் அலுவலகத்தின் மேல்மாடியில், ஜன்னலோரக் கணினியில் இருந்தது. அந்தத் தியாகத்தை அருகில் இருந்து பார்த்ததோடு, அதற்குக் கூட்டக் குறிப்பும் எழுதிய பெருமை எனக்கு உண்டு.

எங்களுடையது தோட்டக் குடிநீர் வரைபடப் பிரிவு. எந்தத் தோட்டத்தில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஊற்று எங்கே, குழாய் எந்த வழியாகப் போகலாம் என்பதைக் கணினியில் வரைந்து கொடுப்பது எங்கள் பணி. தண்ணீர் வருவது வேறு பிரிவின் பொறுப்பு.

பணிப்பாளர் சுந்தரலிங்கம் யாழ்ப்பாணத்தவர். பெரிய தமிழ்ப் பற்றாளர். யாராவது 'பைல்' என்று சொன்னால் காதைப் பொத்திக்கொள்வார். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அம்ஜத் மழையில் நனைந்து, அட்டைகளுக்கு இரத்ததானம் செய்து அளந்து வந்தபோது, அந்தத் தரவுக் கோப்புறைக்குப் பணிப்பாளரே 'மேற்பிரிவுத் தொடரில்லங்கள்' என்று பெயர் சூட்டினார். 'லயம்' என்பது 'லைன்' என்ற ஆங்கிலம் கெட்டு வந்த சொல்லாம். பெயர்சூட்டு விழாவில் கேக் வெட்டினோம். மற்றத் தோட்டங்களின் தரவுகள் கொழும்பிலிருந்து ஆங்கிலப் பெயர்களோடு வந்தவை. அவற்றைத் தொடவே அவர் கூசினார்.

குடிநீர்த் திட்டத்துக்குப் பணம் தரும் வெளிநாட்டு விருந்தினர்கள் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. திங்களன்று வரைபடம் படுத்துவிட்டது. மென்பொருளைத் திறந்தால் முத்திரை தோன்றும், சின்ன வட்டம் ஒன்று சுற்றும், 'பதிலளிக்கவில்லை' என்று அறிவித்துவிட்டு மூடிக்கொள்ளும். அரச அலுவலகத்தின் வழக்கத்தை ஒரு மென்பொருள் இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டதை எண்ணி நாங்கள் வியந்தோம்.

"கண்டியில வெல ஏறுது, கொரங்கு ஏறுது, இந்த மெப் மட்டும் ஏறுதில்லையே!" என்றார் பக்கத்து மேசை ரபீகா.

"'மெப்' இல்லை, வரைபடம்" என்று திருத்திய பணிப்பாளர், உடனடியாக 'ஏற்றமின்மை ஆய்வுக் குழு' ஒன்றை அமைத்தார். குழு மூன்று முறை கூடியது. முதலாம் கூட்டத்தில் கணினியை நிறுத்தி மீண்டும் போடுவது என ஏகமனதாகத் தீர்மானித்தோம். இரண்டாம் கூட்டத்தில் மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவினோம். மூன்றாம் கூட்டத்தில் கணினியைக் கிழக்கு நோக்கித் திருப்பி வைத்தோம். அப்போதும் வட்டம் சுற்றியது.

குழுவில் இடம் கிடைக்காத அம்ஜத் தன்பாட்டில் வேறொரு வேலை செய்தார். வரைபடத்தின் அடுக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தார். ஆறுகள் ஏறின. வீதிகள் ஏறின. கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் சமரசமாக ஏறின. தெல்தோட்டையைத் தொட்டதும் மென்பொருள் விழுந்தது.

"சேர், போல்டர் பேர் தமிழ்ல இரிக்கிறதுதான் பிரச்சின. இந்தப் பழைய மென்பொருளுக்கு அந்த எழுத்து வெளங்குதில்ல. பேர இங்கிலீஷ்ல மாத்தினா செரி. ஒரு நிமிஷ வேல."

பணிப்பாளர் கதிரையிலிருந்து எழுந்தேவிட்டார். "என்ன கதைக்கிறீர் அம்ஜத்? எங்கடை தமிழை நாங்களே அழிக்கிறதோ? நான் இருக்குமட்டும் அது நடக்காது!"

"அப்ப என்ன சேர் செய்ற? வெள்ளிக்கிழம வாறாங்களே."

பணிப்பாளர் மீண்டும் கதிரையில் அமர்ந்தார். "பேரை மாத்த வேண்டாம். அந்த அடுக்கையே தூக்கி விடும்."

"சேர், அதுல ஆள்கள் இரிக்காங்க!"

"ஆக்கள் அங்கைதானே இருக்கினம்? எங்கையும் போகமாட்டினம். தமிழ் போனால் வராது."

நான் கூட்டக் குறிப்பில் 'மொழியுரிமை காக்கப்பட்டது' என்று எழுதினேன். அடுக்கு நீங்கியதும் வரைபடம் துள்ளிக்கொண்டு ஏறியது. எல்லோரும் கைதட்டினோம். அம்ஜத் மட்டும் தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை விருந்தினர்கள் வந்தார்கள். 'சமூகப் பிரதிநிதி' ஒருவர் இருக்க வேண்டும் என்பது திட்ட விதி. அதற்காகத் தெல்தோட்டை மேற்பிரிவின் மாதர் சங்கச் செயலாளர் ஜெயராணியை அழைத்துப் பின்வரிசையில் உட்காரவைத்திருந்தோம். தண்ணீர் வரப்போகிறது என்று நல்ல சேலை உடுத்தி, காலை பஸ்சில் நின்றுகொண்டே வந்திருந்தார். இன்றைக்கும் அவர் ஒரு மைல் நடந்து மலையூற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்.

பெரிய தண்ணீர்த் தொட்டி கட்ட உயரமான வெற்றுக்காணி வேண்டும் என்றார் ஒரு விருந்தினர். பணிப்பாளர் ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு மலைமேல் சிவப்பு வட்டம் விழுந்தது. அறை கரகோஷத்தால் அதிர்ந்தது.

ஜெயராணி எழுந்தார். "ஐயா, கோயிலுக்கு மேல வட்டம் போட்டிருக்கீங்களே, அங்கதாங்க எங்க லயம். அந்த எடத்துலதான் நாங்க குடியிருக்கோம்."

"அது வெற்றுக்காணி எண்டு காட்டுது, தங்கச்சி."

"காலையில அங்கருந்துதானுங்க பஸ் ஏற எறங்கி வந்தேன். எம் புள்ளைங்க அங்கதான் இருக்குதுங்க."

அந்தப் பெண் என்ன சொல்கிறார் என்று விருந்தினர்கள் கேட்டார்கள். அவர் நன்றி தெரிவிப்பதாகப் பணிப்பாளர் அழகிய ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். விருந்தினர்கள் எழுந்து நின்று ஜெயராணிக்குக் கைகூப்பினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் கைகூப்பினார்.

அன்று மாலையே அம்ஜத் யாரையும் கேட்காமல் கோப்புறையின் பெயரை மாற்றினார். லயங்கள் அழகாகத் திரையில் வந்து உட்கார்ந்தன. சிவப்பு வட்டத்துக்குள் ஒரு வீடுகூடத் தப்பவில்லை. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அவர் பணிப்பாளரிடம் ஓடினார். அதற்குள் அறிக்கை கையொப்பமாகிக் கொழும்புக்குப் போய்விட்டது. அனுமதியின்றித் தமிழை நீக்கியதற்காக அவரிடம் விளக்கம் கோரப்பட்டு, ஹுன்னஸ்கிரியக் கிளைக்கு இடமாற்றமும் வழங்கப்பட்டது. குளிர்ச்சியான ஊர்.

இரண்டு மாதம் கழித்து ஜெயராணி மறுபடி வந்தார். இம்முறை சாதாரணச் சேலை. கையில் ஓர் அறிவித்தல் இருந்தது. வெற்றுக்காணியில் 'அத்துமீறி' வசிப்போருக்கு ஏதோ ஒரு திணைக்களம் அனுப்பியது. தபால்காரருக்கு வரைபடம் தேவைப்படாததால் அது ஒழுங்காகவே போய்ச் சேர்ந்திருந்தது.

"நாங்கதான் அங்க இல்லேன்னு சொன்னீங்களேய்யா. இல்லாதவங்களுக்கு எப்படிங்க கடுதாசி வரும்? நீங்களே ஒரு வார்த்த எழுதிக் குடுங்கய்யா, நாங்க இருக்கோம்னு."

பணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, அறிவித்தலை ஆழ்ந்து படித்தார். முகம் சிவந்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. கடைசியில் பொங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"இதை ஆர் எழுதினது? 'வீடுகளை காலி செய்யவும்' எண்டு போட்டிருக்கு!" ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து அழுத்தினார். "இந்த இடத்திலை வலி மிகும் எண்டு தெரியாதோ?"

ஜெயராணி அந்த விரல் நின்ற இடத்தைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"தெரியுங்கய்யா. அந்த எடத்துலதாங்க மிகும்."

"பார்த்தீரோ!" என்று பணிப்பாளர் என் பக்கம் திரும்பி மகிழ்ந்தார். "தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரிஞ்ச இலக்கணம் திணைக்களத்துக்குத் தெரியேல்லை!"

பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, விடுபட்ட இடத்தில் ஒரு 'க்' போட்டு, அறிவித்தலை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். தெல்தோட்டை மேற்பிரிவு மக்களுக்கு எங்கள் அலுவலகம் வழங்கிய உதவி என்று ஆண்டறிக்கையில் எழுத என்னிடம் இருப்பது அந்த ஒரு 'க்' மட்டும்தான்.