‘ஒருவேளை’ சாரின் புது வெர்ஷன்

சென்னையில் பயந்து பயந்து பிழைப்பவர்கள் ஏராளம். பயப்படுவதையே உத்தியோகமாகப் பார்த்து, அதற்கு மாதாமாதம் சம்பளமும் வாங்கிய மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ‘ஒருவேளை’ சார்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. ஆழ்வார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் ரிப்போர்ட் கவுன்ட்டரில் இருந்தேன். சைதாப்பேட்டையிலும் கே.கே. நகரிலும் எங்களுக்குக் கிளைகள். ரத்தம் அங்கே எடுப்பார்கள், இங்கே பரிசோதிப்போம், ரிப்போர்ட் கம்ப்யூட்டர் வழியாகப் போய் அந்தந்தக் கிளையின் பிரிண்டரில் விழும். இந்தக் கம்ப்யூட்டர்களை எல்லாம் கட்டி மேய்த்தவர்தான் ‘ஒருவேளை’ சார்.

“காபி சொல்லட்டுமா சார்?” என்று கேட்டால், “ஒருவேளை பால் திரிஞ்சிருந்தா?” என்பார். “நாளைக்கு லீவு சார்” என்று சந்தோஷமாகச் சொன்னால், “ஒருவேளை ரத்து பண்ணிட்டா?” என்பார். மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் கையில் எப்போதும் இரண்டு குடை. ஒன்று தொலைந்துவிட்டால்? லிஃப்டில் தனியாக ஏற மாட்டார். துணைக்கு ஆள் வரும்வரை வாசலில் நின்று, வந்தவரிடம் “நீங்கோ நீச்சல் தெரிஞ்சவரா?” என்று ஒருமுறை கேட்டார். லிஃப்டுக்கும் நீச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

தன் கல்யாணத்துக்கே இரண்டு நாதஸ்வர கோஷ்டிக்கு அச்சாரம் கொடுத்தவர் அவர். ஒரு கோஷ்டி வராமல் போய்விட்டால் என்ற பயம். இரண்டும் வந்தன. மேடையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒன்றோடொன்று மோதின. அவர் தாலி கட்டியது யாருடைய கெட்டிமேளத்துக்கு என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை.

இந்த பயம் தொற்றுவியாதி. அவரோடு வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதத்தில், வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

மூன்று இடத்துக் கம்ப்யூட்டர்களையும் பிரிண்டர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க ஒரு மென்பொருள் உண்டு. எங்கள் சர்வரில், அதாவது தலைமைக் கம்ப்யூட்டரில், அது குடியிருந்தது. அதன் முதுகில் ப்ளக்-இன் என்று சில குட்டி நிரல்கள். ஒன்று வைரஸைப் பார்த்துக்கொள்ளும், ஒன்று எந்த ரிப்போர்ட் எந்தப் பிரிண்டருக்குப் போக வேண்டும் என்று வழி காட்டும், இப்படி. விற்ற கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் புது வெர்ஷனைக் கொண்டுவந்து கொடுத்து, பழையதற்கு இனி நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

எங்கள் முதலாளி ஒரு டாக்டரம்மா. “ப்ளக்-இன் எல்லாத்தையும் மாத்தணுமாம், ஏற்பாடு பண்ணுங்க” என்று மேனேஜரிடம் சொன்னார். மறுநாள் காலை ஒரு எலக்ட்ரீஷியன் பை நிறைய மூணு பின் ப்ளக்கோடு வந்து நின்றார்.

அவரை அனுப்பிவைத்த பிறகு டாக்டரம்மா சர்வர் அறைக்கே வந்தார். “ஒரு பட்டனை அமுக்கினா போதும்னு சொன்னாங்களே சார்?”

“அமுக்கிடலாம் டாக்டர். ஒருவேளை அப்புறம் எழுந்திருக்கலேன்னா?”

“எது?”

“எல்லாமும்.”

டாக்டரம்மா கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். அந்த அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

உபயோகமில்லாமல் கிடந்த ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, சர்வரில் இருந்ததை அப்படியே அதில் ஏற்றி, சார் ஒத்திகையை ஆரம்பித்தார். முதலில் எல்லா ப்ளக்-இன்னையும் அணைப்பார். புது வெர்ஷனைப் போடுவார். பிறகு ப்ளக்-இன்களை ஒவ்வொன்றாக எழுப்பி, ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். எல்லாம் நன்றாக வந்ததும், மொத்தத்தையும் அழித்துவிட்டு, டேப்பில் எடுத்து வைத்த நகலிலிருந்து பழையதற்குத் திரும்புவார்.

“சரியாத்தானே வந்தது? ஏன் சார் திரும்பிப் போறீங்க?” என்று கேட்டேன்.

“போற வழி எல்லாருக்கும் தெரியும். திரும்பற வழி தெரியாம கிளம்பக் கூடாது, பாத்துக்கோங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து நிஜ சர்வரில் கை வைத்தார். நான் துணைக்கு. டாக்டரம்மா தன் அறையில். ப்ளக்-இன்கள் அணைந்தன. புது வெர்ஷன் ஏறியது. வைரஸ் ப்ளக்-இன் எழுந்தது. பிரிண்டர் ப்ளக்-இன்னும் எழுந்தது. காத்திருந்த ரிப்போர்ட்டுகள் போக ஆரம்பித்தன. சார் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வர முயற்சி செய்தது.

போன் அடித்தது. சைதாப்பேட்டை கிளை தாஸ்.

“மேடம், இங்க இன்னாமோ தப்பா கீது! எல்லாம் கே.கே. நகர் ஆளுங்க ரிப்போர்ட்டா வந்துகினு கீது!”

“எதையும் யார் கிட்டயும் கொடுக்காதீங்க தாஸ்.”

“ஒண்ணு பூட்ச்சு மேடம். ஒரு ஆளு, அவரு சம்சாரத்துக்குப் பிரசவ வலி, ரத்தம் ஏத்தணுமாம். பிளட் குரூப் ரிப்போர்ட்டுக்கு நின்னுகினு இருந்தாரு. மெசின்ல மொத பேப்பர் வந்ததும் புடுங்கிகினு நர்சிங் ஹோமுக்கு ஓடிட்டாரு!”

சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். சார் திரையைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் ரிப்போர்ட் கே.கே. நகரில் போய் விழுந்திருந்தது. அப்படியானால் கணவர் கையில் இருப்பது யாருடைய ரத்தம்?

நர்சிங் ஹோம் நம்பரைச் சுற்றினேன். எங்கேஜ்டு. மறுபடி சுற்றினேன். எங்கேஜ்டு. தாஸை மறுபடி போனில் பிடித்து, “சைக்கிளை எடுத்துட்டு ஓடுங்க தாஸ்!” என்று கத்தினேன். டாக்டரம்மா ஓடிவந்தார். “மறுபடி டெஸ்ட் பண்ணாம யாரும் ரத்தம் ஏத்த மாட்டாங்க, பதறாதீங்க” என்றார். சொன்னவரின் குரலே பதறியது. இன்னொரு போனில் கம்பெனிக்காரரைப் பிடித்தார்.

“அரை மணி நேரத்துல சரி பண்ணிடுவாங்களாம் சார். அப்படியே வைக்கச் சொல்றாங்க.”

சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முழங்கால் மேஜையில் இடிக்கும் சத்தம் கேட்டது. இப்போது ‘ஒருவேளை’ என்று ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். அவர் ஆரம்பிக்கவில்லை.

“வேண்டாம் டாக்டர். பழசுக்குத் திரும்பிடறேன். காரணத்தை அப்புறம் தேடிக்கலாம்.”

முதலில் எல்லாப் பிரிண்டர்களையும் நிறுத்தினார். அந்தப் பெண்ணின் ரத்த வகையை டாக்டரம்மாவே பரிசோதனைப் புத்தகத்தில் பார்த்துக் கையில் எழுதிக்கொண்டார். சார் டேப்பைச் செருகினார். ஒரு எழுத்தைக்கூடத் தப்பாக அடிக்கவில்லை. ஒத்திகையில் அத்தனை முறை திரும்பிய வழி. பயம் மேலே ஆடிக்கொண்டிருக்க, கை கீழே தன் வேலையைச் செய்தது.

பழையது எழுந்து நிற்பதற்கும் போன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. தாஸ், நர்சிங் ஹோமிலிருந்து. மூச்சு வாங்கியது.

“மேடம், ஒண்ணும் ஆவல! நர்சம்மா பேப்பரைப் பாத்துட்டு அந்த ஆளைக் கிழிச்சுட்டாங்க. ‘இன்னாய்யா, உன் பொண்டாட்டி பேரு கோவிந்தசாமியா? வயசு அறுவத்திரெண்டா?’ன்னு. அவரு பேந்தப் பேந்த முழிச்சுகினு நிக்கிறாரு!”

டாக்டரம்மா சிரித்தார். நான் சிரித்தேன், கண்ணில் நீர் வந்தது. டாக்டரம்மா போனை வாங்கி, நர்ஸிடம் சரியான ரத்த வகையை இரண்டு முறை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். பெண் குழந்தை என்று சாயங்காலம் தகவல் வந்தது.

சார் மட்டும் சிரிக்கவில்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுபோனேன்.

“ஒத்திகைல ஒரே ஒரு பிரிண்டரைத்தான் மாட்டிப் பார்த்தேன். ரெண்டு பிரிண்டர் இருந்தா புதுசுக்குக் குழம்பறதுன்னு தோணவே இல்லை. இத்தனை பயந்தேனே, இதுக்கு மட்டும் பயப்படாம இருந்துட்டேனே!”

உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு குற்றத்துக்காக அழுதிருக்க மாட்டார்கள். “தண்ணி குடிங்க சார்” என்றேன். குடிப்பதற்கு முன் டம்ளருக்குள் உற்றுப் பார்த்தார். சரி, தேறிவிடுவார் என்று தெரிந்தது.

கம்பெனிக்காரர்கள் ப்ளக்-இன்னைத் திருத்திக் கொடுத்தார்கள். இந்த முறை சார் ஊரிலிருந்த பிரிண்டர்களை எல்லாம் கடன் வாங்கி வந்து ஒத்திகை அறையில் அடுக்கினார். உள்ளே போக வழியில்லாமல் அறை வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தோம். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புது வெர்ஷன் ஏறியது. திங்கட்கிழமை காலை எல்லோரும் வந்தார்கள், ரிப்போர்ட் அடித்தார்கள், வடை தின்றார்கள். ஏதாவது மாறியிருக்கிறது என்றே ஒருவருக்கும் தெரியவில்லை. அவருக்கு யாரும் கை கொடுக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

ஓய்வு பெற்றதும் மகளோடு இருக்க பெங்களூருக்குப் போய்விட்டார். நான் அவ்வப்போது போன் செய்வேன். வயதாகிவிட்டது, நடந்து வந்து எடுக்க நேரமாகிறது. மணி அடித்துக்கொண்டே இருக்கும்போது ‘ஒருவேளை’ என்று நானே ஆரம்பித்துவிடுவேன். அந்தப் பக்கம் “யாரு?” என்று அந்தக் குரல் கேட்கிறவரை நான் மூச்சு விடுவதில்லை.