ஐஸ் வழக்கில் போன பாதி மீசை

ஒரு பெரிய வழக்கில் யார் யார் மாட்டப்போகிறார்கள் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். விசாரிக்கிறவர், மாட்டப்போகிறவர், சாயாக் கடையில் உட்கார்ந்திருக்கிறவர். முதல் இரண்டு பேருக்கு அவ்வப்போது சந்தேகம் வரும். மூன்றாமவருக்கு வரவே வராது. கல்யாணத்துக்கு முன்னால் நான் அந்த மூன்றாமவனாக இருந்தேன்.

தாத்தா காலத்திலேயே கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். நான் கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடையில் வக்கீல்களுக்கு மனு டைப் அடிக்கிற வேலையில் இருந்தேன். நாள் முழுக்க 'மேற்படி பிரதி' 'மேற்படி பிரதி' என்று அடித்து அடித்து (எங்கள் ஊரில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பிரதி என்று பேர்) எனக்கே பாதி வக்கீல் ஆகிவிட்ட நினைப்பு வந்துவிட்டது. தெருவும் அதை நம்பியது. அதுதான் வினை.

அந்தச் சமயத்தில்தான் ஐஸ் வழக்கு வந்தது. மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் போடும் இயந்திரங்கள் வாங்கினார்கள். இயந்திரம் வந்தது, திறப்பு விழா நடந்தது, ரிப்பன் வெட்டினார்கள், ஐஸ் மட்டும் வரவில்லை. விசாரணை ஆரம்பித்தது. அதிகாரிகள் நாலைந்து பேர் மாட்டினார்கள். மந்திரியின் பேர் வருமா, வராதா? ஊரே இதைத்தான் பேசியது. மந்திரியின் பேரை நான் இங்கே சொல்லமாட்டேன். அவர் கட்சிக்காரர்கள் இன்னமும் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார்கள்.

பஜார் ரோட்டில் ஹம்சா இக்காவின் (இக்கா என்றால் அண்ணன்) சாயாக் கடை. பக்கத்துக் கிடங்குகளிலிருந்து சுக்கு வாசனையும் மிளகு வாசனையும் வந்துகொண்டே இருக்கும். காலையில் அங்கே பேப்பர் வந்ததும் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஒரு வாய் சாயா குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு விஷயம் இருக்கு" என்பேன். என்ன விஷயம் என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்த ஒரு வரிக்கு இருந்த மரியாதை இருக்கிறதே, அடடா.

எனக்கு மரியாதை தராத ஒரே ஆள் ஜோசப் சேட்டன். படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், மந்திரியின் கட்சிக்கு உயிரையே கொடுப்பவர். மந்திரிக்குத் தும்மல் வந்தால் இவருக்குக் காய்ச்சல் வரும்.

ஒரு புதன்கிழமை, மந்திரி நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்ததாகச் செய்தி. வெள்ளிக்கிழமை குற்றப்பத்திரிகை தாக்கலாகப்போகிறது என்றும் அதே பேப்பரில் இருந்தது. எனக்கு இவ்வளவு போதாதா?

"முடிஞ்சுது" என்றேன். "நெஞ்சுவலி வந்தாச்சுன்னா பேர் இருக்குன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை பாருங்க, மந்திரிதான் முதல் பிரதி. சட்டம் தெரிஞ்சவன் சொல்றேன்."

ஜோசப் சேட்டன் கிளாஸைக் கீழே வைத்தார். "எடா நாகு, நீ டைப் அடிக்கிறவன். சட்டத்தைப் பத்தி நீ பேசண்டா. மந்திரி பிரதியாவில்ல. என்ன பந்தயம்?"

பந்தயம் என்றால் எங்கள் ஊரில் காசு இல்லை. தேர்தலானாலும் கால்பந்தானாலும் பாதி மீசை. தோற்றவன் நடுக்கடையில் உட்கார்ந்து ஒரு பக்கத்து மீசையை எடுத்துக்கொள்ள வேண்டும். மறு பக்கத்தைத் திங்கட்கிழமை காலைச் சாயா வரை தொடக்கூடாது. முழுசாக எடுத்துவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பவனை அப்புறம் யாரும் மதிக்கமாட்டார்கள்.

"பாதி மீசை" என்றேன். சொல்லும்போது கையால் வேறு முறுக்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குற்றப்பத்திரிகை வந்தது. பிரதிகள் பட்டியலில் மந்திரி இல்லை. சாட்சிகள் பட்டியலில் இருந்தார். நெஞ்சுவலி வெறும் வாயு என்று ஆஸ்பத்திரியும் சொல்லிவிட்டது. "பேர் இருக்கா இல்லையா? இருக்கு. அப்ப பந்தயம் சமம்" என்று நான் வாதாடினேன். என் வாழ்க்கையில் நான் வாதாடிய ஒரே வழக்கு அது. ஹம்சா இக்கா சாயா ஆற்றுவதைக்கூட நிறுத்தாமல், "சாட்சி வேற, பிரதி வேற. இரி மோனே" என்று தீர்ப்புச் சொல்லி ஸ்டூலைக் காட்டினார். சலூனிலிருந்து கத்தி வந்தது. வலது பக்கம் போனது. யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். தோற்றாலும் கம்பீரமாகத் தோற்க வேண்டும் என்று நான் காமிராவைப் பார்த்து, "கூடுதல் குற்றப்பத்திரிகை வரும், அதுல பேர் இருக்கும்" என்று பேட்டி வேறு கொடுத்தேன்.

வீட்டுப் படியேறும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகவேண்டும்.

இதை மறப்பானா ஒருத்தன் என்று நீங்கள் கேட்கலாம். அம்மா அதைத்தான் கேட்டாள். இதைவிடக் கெட்ட வார்த்தைகளில் கேட்டாள். ஏனென்றால் பெண் பார்க்க ஏற்பாடு செய் என்று அம்மாவை நச்சரித்ததே நான்தான். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ரேவதியைப் பார்த்தேன். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வீடு கலூரில். மேடையில் ஒருவர் மைக்கை விடாமல் பேசிக்கொண்டே போக, அவள் கீழே இருந்து ஸ்விட்சை அணைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போலச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டாள். அன்றைக்கே நான் விழுந்துவிட்டேன். அவள் இல்லையென்றால் வேறு யாரும் வேண்டாம் என்றுதான் இருந்தேன். பொய் சொல்லவில்லை.

அவள் அப்பா ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். குழாயில் கசிவு எங்கே என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடுவாராம். வாய்ச்சவடால்காரனைக் கண்டால் ஆகாது என்று சொல்லி ஏற்கெனவே ஒரு வரனைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"மிச்சத்தையும் எடுத்துட்டுப் போயிடறேன்" என்றேன். பந்தயத்தை மீறுவது எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் வேறு வழி?

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மழுமழுன்னு போய் நின்னா, யாரு செத்துட்டான்னு கேப்பா. அப்பா பக்கத்துலதான் உக்காந்திருப்பார், அப்ப நான் போயிட்டேன்னு நினைச்சுப்பாளா? நல்ல காரியத்துக்குப் போற லட்சணமா இது?"

பாதியோடும் போக முடியாது, இல்லாமலும் போக முடியாது. கடைசியில் அக்கா சுமதி கண்மை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, இடது பக்கத்தைப் பார்த்துப் பார்த்து வலது பக்கத்தில் வரைந்தாள். வரைந்தது அசலைவிடக் கொஞ்சம் அழகாகவே இருந்தது. (அதனால் அசலையும் கொஞ்சம் தொட்டுவிட்டாள்.)

"அங்க போயி வாயத் திறக்காதே, கேட்டியா?" என்றாள் அம்மா. "சிரிக்காதே. வேர்க்காதே."

கொச்சியில் வேர்க்காமல் இருப்பதற்கு ஐஸ் இயந்திரம் ஓடியிருக்கவேண்டும்.

கலூர் வீட்டில் எங்களை நன்றாகவே வரவேற்றார்கள். கொஞ்சம் அதிகமாகவே நன்றாக. ரேவதியின் அப்பா எனக்கு நேர் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையைப் பார்க்கிறார்கள், இதில் என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்த ஐஸ் வழக்கைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டார்.

"அரசியல்ல எனக்கு ஈடுபாடே கிடையாது சார்."

"அப்படியா? கோர்ட் பக்கம் வேலைன்னு சொன்னாங்களே. மந்திரி மாட்டுவாரா மாட்டாரான்னு ஊரே பேசுது."

"வழக்கு விசாரணையில இருக்கும்போது நாம கருத்து சொல்லக்கூடாது சார்" என்றேன். அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு, "மீசை நல்லா இருக்கு" என்றார்.

"அப்பா வழி சார்" என்றேன். வாய் தானாகவே சொல்லிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அப்பாவுக்குச் சரியாக மீசையே முளைக்காது. அவர் மெல்லத் தன் மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அப்போது கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. ரேவதி ஆவி பறக்கச் சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்தாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், எனக்கு இன்னும் வேர்த்தது. சாயாவை வாங்கி ஒரு வாய் குடித்தேன். கிளாஸின் விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு. விரலால் துடைத்தேன், விரல் கறுப்பானது. கைக்குட்டையை எடுத்து உதட்டை ஒற்றினேன். சுமதி அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளே போன ரேவதி திரும்பி வந்தாள். நனைத்துப் பிழிந்த ஒரு துண்டை என் முன்னால் வைத்தாள்.

"துடைச்சுக்கோங்க" என்றாள். "நாங்க வெள்ளிக்கிழமையே பாத்தாச்சு."

அவள் அப்பா செல்போனை மேஜைமேல் வைத்தார். எர்ணாகுளத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோ. ஹம்சா இக்காவின் ஸ்டூல், ஜோசப் சேட்டனின் சிரிப்பு, நான். "கூடுதல் குற்றப்பத்திரிகை வரும், அதுல பேர் இருக்கும்" என்று என் குரல் அந்தக் கூடத்தில் கணீரென்று கேட்டது. இவ்வளவு நேரமும் இவர்கள் எல்லாரும் தெரிந்துகொண்டேதான் என் ஓவிய மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. அப்படிச் செத்திருந்தால் யாராவது முறையாக மீசையை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

"பந்தயம் கட்டினது உங்க இஷ்டம்" என்றார் அவர். "அதை நான் கேக்கலை. என் வீட்டுக்கு மை பூசிட்டு வந்திருக்கீங்களே, எதுக்கு?"

மனுக்களில் டைப் அடித்த வார்த்தைகள் எதுவும் உதவவில்லை. "உங்க பொண்ணை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு சார்" என்றேன். "பாதி மீசையோட வந்தா வாசல்லயே அனுப்பிச்சிருவீங்கன்னு பயமா இருந்துது." அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ரேவதிதான் கேட்டாள். "மிச்ச மீசையை எப்ப எடுப்பீங்க?"

"நாளைக்குக் காலைல. கடையில போய் நின்னுட்டு அப்புறம்தான். வாக்குக் கொடுத்தாச்சு."

"இன்னிக்கு எடுத்தா அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே."

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் பெருமூச்சு விட்டார். "சரி, துடைங்க. இருக்கறதோட உக்காந்து சாயாவைக் குடிங்க. வேற ஒண்ணு போடச் சொல்றேன், இதுல மை கலந்திருக்கும்."

துடைத்துவிட்டு, பாதி மீசையோடு, அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து இரண்டாவது சாயாவைக் குடித்தேன். யாரோ ஒரு சிரிப்பை அடக்கப் பார்க்க, அது என் அப்பாவிடமிருந்துதான் முதலில் வெடித்தது. அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. அன்றைக்கு எடுத்த போட்டோ இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எங்கள் கல்யாண போட்டோ அதற்குக் கீழேதான் இருக்கிறது. ரேவதியின் ஏற்பாடு.

மந்திரி ஒன்றிரண்டு தேர்தலுக்கு அப்புறம் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார். ஜோசப் சேட்டன் என்னை இழுத்துக்கொண்டுபோய், "சாருக்காக மீசையைக் கொடுத்தவன்" என்று அறிமுகப்படுத்தினார். மந்திரி கண் கலங்கி என் தோளைத் தட்டினார். இப்படிப்பட்ட தொண்டன் கிடைக்கமாட்டான் என்று நினைத்திருப்பார்.

ஹம்சா இக்காவின் கடை இருந்த இடத்தில் இப்போது வெள்ளைக்காரர்கள் காப்பி குடிக்கிறார்கள். ஜோசப் சேட்டனுக்குக் காது கேட்பதில்லை. எவ்வளவு சத்தமாக நான் தீர்ப்புச் சொன்னாலும் மறுக்க ஆளில்லாமல் சப்பென்று இருக்கிறது. இப்போதும் ஏதாவது ஒரு விசாரணை, ஏதாவது ஒரு பெரிய மனிதர், உள்ளே போவாரா மாட்டாரா என்று டிவியில் கத்துகிறார்கள். நான் "இதுல ஒரு விஷயம் இருக்கு" என்று ஆரம்பித்தால் போதும், ரேவதி ஒரு விரலால் தன் மேலுதட்டின் வலது பக்கத்தை மூடிக்கொள்வாள். மகளும் மூடிக்கொள்வாள். நான் வாயை மூடிக்கொள்வேன்.

மாமனார் போன வருஷம் காலமானார். ஆஸ்பத்திரியில் கடைசியாக நன்றாகப் பேசிய நாளில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "கூடுதல் குற்றப்பத்திரிகை வந்துச்சா?" என்று கேட்டார். ஒவ்வொரு ஓணத்துக்கும் பொங்கலுக்கும் கேட்கிற கேள்விதான்.

"இன்னும் இல்லை மாமா. விசாரணை நடக்குது."

"அந்த வழக்குல தண்டனை கிடைச்சது உனக்கு மட்டும்தான்" என்று சிரித்தார்.

அவருக்கு மகன் இல்லாததால் காரியம் செய்தது நான்தான். அன்று முறைப்படி என் மீசையை எடுத்தார்கள். நாவிதர் வலது பக்கத்தை முடித்துவிட்டு, கத்தியைத் துடைக்க ஒரு நிமிஷம் நிறுத்தினார். வாசலில் நின்றிருந்த ரேவதி என்னைப் பார்த்தாள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். பிறகு இன்னும் அதிகமாக அழுதாள். நானும்தான்.