இறந்த காலத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு

எமன் எருமையில் வருவான் என்றுதான் நம்மூரில் சொல்லி வைத்திருக்கிறார்கள். நியூஜெர்சியில் அவன் நீளமான கறுப்புச் சொகுசுக் காரில், டை கட்டிய டிரைவரோடு வருவான் என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் முழுசாக நாற்பது நிமிடம் நம்பினேன். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. டேட்டாபேஸ் வேலை, இரண்டு டிகிரி. (அந்த நாற்பது நிமிடத்தில் இரண்டு டிகிரியும் உதவிக்கு வரவில்லை.)

எமன் வந்திருப்பது என் மச்சினன் கார்த்திக்காக என்பதும், அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதும் கூடுதல் நம்பிக்கைகள்.

கார்த்தி என் மனைவி சுதாவின் தம்பி. அமெரிக்காவின் மேற்குக் கோடியில், ஃப்ரீமான்ட்டில் வேலை. பெண் வீடு நியூஜெர்சியிலேயே, பிரிட்ஜ்வாட்டர். ஞாயிறு காலை அங்கே கோயில் மண்டபத்தில் கல்யாணம், முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. இதற்காகவே என் மாமனார் நெஞ்சில் ஒரு ஸ்டென்ட்டோடு திருச்சியிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தார். ஒரே பையன், ஒரே ஆசை. பையன் பெரிய காரில், பூ அலங்காரத்தோடு, மேளம் முழங்க, மெதுவாக வரவேண்டும். ஹோட்டலிலிருந்து மண்டபம் அரை மைல். டவுன்ஷிப் ஆபீசில் நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை சாலையில் போக அனுமதி வாங்கி, முன்னால் போக ஒரு போலீஸ் காருக்கும் ஏற்பாடு செய்தாயிற்று.

காருக்கு நான் பொறுப்பு.

“உங்களுக்கு இது ஒண்ணுதான் டிபார்ட்மெண்ட். தயவுசெஞ்சு சொதப்பாதீங்க” என்றாள் சுதா.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இருபது வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் என் மாப்பிள்ளை அழைப்பில், என்னை ஏற்றி வந்த கார் நடுத்தெருவில் நின்றுபோனது. தள்ளியவர்களில் என் மாமனாரும் ஒருவர். பட்டு வேட்டியோடு தள்ளினார். அதை அவர் இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

இந்தமுறை விட்டதைப் பிடிக்க வேண்டும். அதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் நியூஜெர்சியில் இல்லை என்பது என் எண்ணம். அமெரிக்காவின் பழைய சொகுசுக் கார் கம்பெனி ஒன்றின் மீது எனக்குப் பைத்தியம் உண்டு. (பெயர் எதற்கு, வம்பு.) யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது வாங்கிய, தலையணை கனத்தில் ஒரு புத்தகம் என்னிடம் இருக்கிறது. அந்தக் கம்பெனி விட்ட ஒவ்வொரு மாடலும் அதில் படத்தோடு உண்டு. முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றி ஊரே மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், உள்ளே உட்கார்ந்தபடியே எஞ்சினைக் கிளப்ப வைத்த மாடல். பதினாறு சிலிண்டர் வைத்த மாடல். வருஷா வருஷம் பின்னால் மீனுக்குப் போலத் துடுப்பு வளர்ந்து, இனி பறந்துவிடும் என்ற கட்டத்தில் வெட்கப்பட்டுச் சுருங்கிப்போன மாடல்கள். இருட்டினால் தானே விளக்குப் போட்டுக்கொள்வது, ஆள் இறங்கினால் தானே உயரத்தைச் சரிசெய்துகொள்வது எல்லாம் எந்தெந்த மாடலில் வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (மகள் என்ன வகுப்பு என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன்.) கடைசி அத்தியாயம் ஒன்றைத்தான் படிக்கவில்லை. அதில் படம் கம்மி.

அந்தக் கம்பெனியின் எண்பதுகளின் நீள மாடல் ஒன்றை வாடகைக்குத் தேடிப் பிடித்து, போனிலேயே பேசி முடித்தேன். போனில் பேசிய அம்மாள் அவ்வளவு மரியாதை. ஒவ்வொரு விவரத்தைச் சொன்னபோதும் குரல் இன்னும் மெலிந்து, கடைசியில், “நீங்கள் எதற்கும் கவலைப்படாதீர்கள், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார். சேவை என்றால் இது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் மாதம். மதியத்திலிருந்தே பனிமூட்டம். ஹோட்டலுக்கு எதிர் வீட்டுப் புல்வெளியில் ஹாலோவீனுக்காக நட்ட பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் காற்றில் கையை ஆட்டிக்கொண்டிருந்தன. மூன்றரை மணிக்கு நான் வாசலில் தனியாக நின்றிருந்தேன். கார் வந்த சத்தமே கேட்கவில்லை. பனிக்குள் ஒரு இருட்டு திரண்டது. அது நீண்டது. நீண்டுகொண்டே வந்து என் முழங்காலுக்கு ஒரு அடி முன்னால் நின்றது.

உள்ளே ஜன்னல்களுக்குச் சாம்பல் நிறத் திரை. கதவைத் திறந்ததும் லில்லிப் பூ வாசனை, கூடவே மூடிக்கிடந்த அறையின் குளிர். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு டிஷ்யூப் பெட்டி. நான் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கினேன். வண்டியின் பின்பாகம் தானாக மெல்ல உயர்ந்து, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. அது எந்த மாடலில் வந்த வசதி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு அடி தள்ளி நின்றேன்.

டிரைவர் பெயர் வால்டர். ஆறடிக்கு மேலே, எழுபது வயது, சாம்பல் நிறக் கையுறை. என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

“இந்த மாடலில்தானே ஏர் சஸ்பென்ஷன்...” என்று ஆரம்பித்தேன்.

“பேசுவது நல்லது. மனசுக்குள்ளே வைத்துக்கொள்ளக் கூடாது” என்றார், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரலில். பிறகு, “ஹவ் ஓல்ட் வாஸ் ஹி?” என்றார்.

வாஸ்.

இலக்கணத்தில் அதற்கு இறந்த காலம் என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

“இருபத்தொன்பது” என்றேன்.

“சின்ன வயசு.”

“எங்கள் பக்கம் இதுவே லேட்.”

அவர் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிறகு, “அவரை எத்தனை பேர் தூக்குகிறீர்கள்?” என்றார்.

மறுநாள் காலை மாலை மாற்றும்போது மாமன்மார் மாப்பிள்ளையைத் தோளில் தூக்குவார்கள். அதில் நானும் ஒருவன். இது இந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? நான் போனில் சொல்லவில்லையே.

“ரெண்டு பேர்” என்றேன்.

“ரெண்டு பேர் போதாது. ஆறு பேர் வேண்டும். கனம் கூடிவிடும்” என்றார் அன்பாக.

எதிர் வீட்டு எலும்புக்கூடு ஒன்று தலையை ஆட்டியது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓடிப்போய் சுதாவிடம் சொல்லலாம் என்றால், லாபியில் அவள் கையில் ஹேர்பின்னும் வாயில் இரண்டு ஹேர்பின்னும். “சுதா, அந்த டிரைவர் கார்த்தியை இறந்த காலத்தில் பேசறான்” என்றேன்.

“டிரைவருக்கு இங்கிலீஷ் சரியா வராது போல” என்றாள் ஹேர்பின்னுக்கிடையில்.

நாலு மணி. மேளம் ஆரம்பித்துவிட்டது. (நாதஸ்வரம் ஒரு பல் டாக்டர், தவில் ஒரு சாஃப்ட்வேர் மேனேஜர்.) காரைப் பூவால் மூடிவிட்டார்கள். மாமனார் சுற்றி வந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக இடுப்பைப் பிடிக்காமல் என் தோளைத் தட்டினார். “பிரமாதம் மாப்பிள்ளை. மந்திரி வர்ற கார் மாதிரி இருக்கு.” கண் கலங்கியிருந்தது. வால்டர் உடனே ஒரு டிஷ்யூ எடுத்து நீட்டினார்.

கார்த்தி கோட்டும் மாலையுமாக வெளியே வந்தான். வேறு வழியில்லாமல், “இவர்தான் அவர்” என்று வால்டருக்கு அறிமுகம் செய்தேன்.

வால்டரின் முகத்தில் ரத்தம் வற்றியதைக் கண்ணால் பார்த்தேன். கார்த்தி, “ஹாய்” என்று கையை நீட்டினான். வால்டர் இரண்டடி பின்னால் போனார். உதடுகள் ஏதோ முணுமுணுத்தன, கை தானாக நெற்றிக்கும் நெஞ்சுக்கும் போய்ச் சிலுவை போட்டது. சரியாக அந்த நொடியில், யாரும் தொடாமல், காரின் விளக்குகள் இரண்டும் எரிந்தன. எமனுடைய ஆளே பயப்படுகிறான் என்றால் அவன் கார்த்தியிடம் எதைப் பார்த்திருப்பான்?

கார்த்தி பின் சீட்டில் ஏறிவிட்டான். நான் பாய்ந்து அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

“மாமா, என்ன ஆச்சு? ஆர் யூ ஓகே?”

“இறங்குடா. இப்ப நேரம் சரியில்லை. ராகு காலம்.”

“இன்னிக்கு ராகு காலம் காலையிலேயே முடிஞ்சாச்சே மாப்பிள்ளை” என்றார் மாமனார் பின்னாலிருந்து.

“எமகண்டம்.”

“அது மூணு மணியோட சரி. என்ன பண்றீங்க நீங்க?”

கார்த்தியை இழுத்து வெளியே போட்டேன். மாலை மட்டும் சீட் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க உள்ளே ஏறிக் குனிந்தேன். (என் மகளிடம் இந்த இடத்தை வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன். எமன் கேட்டது மாப்பிள்ளையை, நானும் மாப்பிள்ளைதானே, எனக்குப் பதில் அவன் வாழட்டும் என்று நானே ஏறி உட்கார்ந்ததாக. அவள், “ஷ்யூர், அப்பா” என்றாள்.) அனுமதி நேரம் ஓடுவதைப் பார்த்துப் பொறுமையிழந்த போலீஸ்காரர், மாலை பாதி தெரிய உள்ளே ஒரு ஆள் இருப்பதைக் கண்டு, மரியாதையாகக் கதவைச் சாத்தினார். பூட்டு தானாக விழுந்தது. எனக்கும் டிரைவருக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. தட்டினேன். அதற்குள் ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்துவிட்ட வால்டர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் அவருக்கு அன்றைக்கு இல்லை.

ஊர்வலம் புறப்பட்டது. பூ மூடிய காரில் நான். பின்னால் மேளம். அதற்குப் பின்னால், என்ன நடக்கிறதென்று புரியாமல், மாலை இல்லாத மாப்பிள்ளை நடந்து வருகிறான்.

அந்த அரை மைலை நான் மறக்கவே மாட்டேன். எதிரே வந்த கார்கள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டி நின்றன. ஒருவர் இறங்கித் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். எவ்வளவு மரியாதையான ஜனங்கள் என்று, பயத்திலும் பழக்கதோஷத்தில், திரையை விலக்கிக் கையசைத்தேன். நடைபாதையில் நின்ற ஒரு பாட்டியம்மா கையிலிருந்த பையைக் கீழே போட்டார்.

மண்டப வாசலில் பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார்கள். கதவு திறந்தது. பனியும் புகையும் கற்பூரமும் கலந்த அந்த வெளிச்சத்தில், கார்த்தியின் மாலையைக் கழுத்தில் சுற்றியபடி நான் இறங்கினேன். சம்பந்தியம்மாள் இரண்டு சுற்று ஆரத்தி சுற்றிவிட்டார். மூன்றாவது சுற்றில் நிமிர்ந்து பார்த்தார்.

“இது... மூத்த மாப்பிள்ளை இல்ல?”

பின்னால் மாமனார் வந்து சேர்ந்திருந்தார். ஒரு கை இடுப்பில் இருந்தது.

கார்த்தி சட்டென்று என் கழுத்திலிருந்து மாலையை எடுத்துப் போட்டுக்கொண்டு, “மாமா ரூட் செக் பண்ணிட்டு வந்தாரு ஆன்ட்டி” என்றான். முதலில் சிரித்தவள் கல்யாணப் பெண். அவள் சிரித்ததால்தான் கல்யாணம் நடந்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆறு வருஷமாகிறது. கார்த்திக்கு இரண்டு குழந்தைகள், கொஞ்சம் தொப்பை. மாமனார் வாரம் ஒருமுறை வீடியோ காலில் வந்து, “ரெண்டு தடவை அழைப்பு நடந்த மாப்பிள்ளை சௌக்கியமா?” என்று விசாரிக்கிறார். நான் சோபாவிலிருந்து எழ முனகினால் போதும், சுதா, “எத்தனை பேர் தூக்கணும்? ஆறு பேரா?” என்கிறாள்.

அன்று மாலை வால்டர் மண்டபத்தில் எங்களோடு உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். கார்த்தி சாப்பிடுவதை ஓரக்கண்ணால் பார்த்தபடியே, கடைசியில் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். அந்தக் கம்பெனி நீளமான அடிச்சட்டங்களை மட்டும் தனியாகச் செய்து, இறுதி ஊர்வலத்துக்குக் கார் கட்டுகிறவர்களுக்கு விற்றது என்று அதில் விவரமாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். ஒரு இளைஞர், நிறைய பூ, ரொம்ப மெதுவாகப் போகவேண்டும், குடும்பம் மொத்தமும் பின்னால் நடந்து வரும், அப்பா இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார் என்று போனில் விவரம் சொன்ன நான், ‘ஊர்வலம்’ என்பதற்கு ‘ப்ரொசெஷன்’ என்று சொன்னேன். கல்யாணம் என்று சொல்ல மறந்துவிட்டேன்.